தணிக்கையாளரின் வாதத்தைக் கேளுங்கள்: நான்கு டிஸ்டோபியா நாவல்களை வாசித்து எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தணிக்கை, ஒத்துப்போதல், மகிழ்ச்சி ஆகிய மூன்றையும் முன்வைத்து நான்கு டிஸ்டோபியா நாவல்களை, அதாவது மனிதரை நசுக்கும் கற்பனைச் சமூகங்களைக் காட்டும் நாவல்களைப் பற்றி ஓர் ஒப்பீட்டுக் கட்டுரை எழுதி முடிக்க எனக்குப் பதினொரு மாதங்கள் ஆயின. அவற்றில் ஆறு மாதங்களாவது வாசிப்புக்கோ சிந்தனைக்கோ பயன்படவில்லை. தவறான பதிப்பை வாங்கியதிலும், வரிசை தெரியாமல் வாசித்ததிலும், குறிப்பெடுக்காமல் கடந்துபோன பக்கங்களை மறுபடியும் தேடியதிலும் அந்தக் காலம் போயிற்று. என் முதல் வரைவைப் படித்த பெரியவர் ஒருவர், ஆர்வெல் நாவலின் பின்னிணைப்பைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை என்று கேட்டார். என்னிடம் இருந்த பிரதியில் பின்னிணைப்பே இல்லை. அதே கேள்விக்கு நீங்கள் விடையில்லாமல் நிற்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எடுத்துக்கொள்ளும் நூல்கள் நான்கு: யெவ்கேனி ஸம்யாத்தினின் 'நாம்', ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்', ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451'. இந்த வகையில் வேறு நல்ல நாவல்கள் பல உண்டு என்றாலும், முதல் முயற்சிக்கு நான்கே மிகுதி.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். 'தணிக்கை சரியா, தவறா' என்ற கேள்வியோடு தொடங்குகிறவர்களின் கட்டுரை இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிடும். தவறு என்பதில் வாசகர் எவருக்கும் ஐயமில்லை, ஆகவே மேற்கொண்டு சொல்ல ஒன்றும் இருக்காது. என் முதல் வரைவு அப்படித்தான் நின்றது.

நான் பிறகு வைத்துக்கொண்ட கேள்வி இது: இந்த உலகத்தில் தணிக்கை செய்கிறவர், அதை யாருடைய நன்மைக்காகச் செய்வதாகச் சொல்கிறார்? நான்கு நாவல்களிலும் அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் நேருக்கு நேர் அமர்ந்து விளக்கம் தருகிறார். அவர் முட்டாள் அல்லர். பெரும்பாலும் தடைசெய்யப்பட்ட நூல்களை மற்றவர்களைவிட நன்றாகப் படித்தவர். அவருடைய வாதத்தைக் காது கொடுத்துக் கேட்பதுதான் உங்கள் முழு வேலையும். கீழே சொல்லும் படிகள் அனைத்தும் அந்த ஒரு காரியத்துக்காகவே.

2. பதிப்பைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

பலரும் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்; எனக்கு மிகுந்த இழப்பைத் தந்ததும் இதுதான்.

முதலில் 'ஃபாரன்ஹீட் 451'. புத்தகங்களை எரிப்பதைப் பற்றிய இந்த நாவலே பல ஆண்டுகள் வெட்டப்பட்ட வடிவில் விற்கப்பட்டது. 1953இல் இதை வெளியிட்ட பேலன்டைன் நிறுவனம் 1967இல் பள்ளிகளுக்கென்று 'பேல்-ஹை' என்ற தனிப் பதிப்பைக் கொண்டுவந்தது. அதில் வசைச்சொற்கள், கருக்கலைப்பு என்ற சொல் உட்பட சுமார் 75 இடங்கள் ஆசிரியருக்குத் தெரியாமலே மாற்றப்பட்டிருந்தன. குடிகாரர் ஒருவர் நோயாளியாக ஆனார். 1973 முதல் பொது வாசகர்களுக்கும் அந்தத் திருத்திய வடிவமே போயிற்று. 1979இல் செய்தி பிராட்பரிக்கு எட்டிய பிறகுதான் மூலம் மீட்கப்பட்டது. இதைப் பற்றி அவர் எழுதிய பின்னுரையும் பின்னர் வந்த பதிப்புகளில் சேர்ந்தது. ஆகவே பழைய புத்தகக் கடையில் 1970களின் அமெரிக்கப் பிரதி கிடைத்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை ஆய்வுக்கு நம்பாதீர்கள். முதலில் பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள், பிறகு அந்தப் பின்னுரை இருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் வாசிக்க விரும்புகிறவர்களுக்கு வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பு க்ரியா வெளியீடாக வந்திருக்கிறது.

அடுத்தது '1984'. மூன்று பாகங்களுக்குப் பின், கதையில் வரும் கட்சி ஆட்சி உருவாக்கும் 'நியூஸ்பீக்' மொழியின் இலக்கணத்தை விளக்கும் பின்னிணைப்பு இருக்க வேண்டும். இரண்டாம் பாகத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில், கட்சியின் எதிரியான கோல்ட்ஸ்டைன் எழுதியதாகச் சொல்லப்படும் நீண்ட நூற்பகுதி முழுமையாக இருக்க வேண்டும். நூல் வெளிவரும் முன், உறுப்பினர்களுக்கு நூல் விற்கும் அமெரிக்காவின் 'புக் ஆஃப் த மன்த் கிளப்' இந்த இரண்டையும் நீக்கச் சொன்னது. பெருந்தொகையை இழக்க நேரிடலாம் என்று தெரிந்தும் ஆர்வெல் மறுத்துவிட்டார். அவர் காப்பாற்றிய பக்கங்களை மலிவான மாணவர் சுருக்கங்கள் சத்தமில்லாமல் விட்டுவிடுகின்றன. நான் வாங்கியது அத்தகைய சுருக்கம்தான். அட்டையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பின்னிணைப்பு, நியூஸ்பீக்கைப் பற்றி இறந்தகாலத்தில் பேசுகிறது. அந்த ஆட்சி ஒரு நாள் முடிந்துபோயிருக்குமோ என்ற விவாதம் முழுவதும் அந்த இறந்தகால வினைமுற்றுகளின் மீதுதான் நிற்கிறது. அது இல்லாத பிரதியை வைத்துக்கொண்டு நாவலின் முடிவைப் பற்றி ஒன்றும் எழுத முடியாது.

இன்னொரு நுட்பமான பொறியும் உண்டு. கடைசி அத்தியாயத்தில் '1984'இன் நாயகன் வின்ஸ்டன் மேசைத் தூசியில் விரலால் இரண்டும் இரண்டும் ஐந்து என்று எழுதுவான். பழைய பிரிட்டிஷ் பதிப்புகள் பலவற்றில் அச்சுப் பிழையால் அந்த '5' விழுந்துபோய், சமக்குறிக்குப் பின் வெற்றிடம் மட்டுமே இருக்கிறது. அந்த வெற்றிடத்தைக் கண்டு, அவன் மனம் முழுமையாகப் பணியவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

'நாம்' ரஷ்ய மொழியில் எழுதப்பட்டது. ஆகவே எந்த மொழிபெயர்ப்பு என்பதை முதல் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். கிரிகரி ஸில்பூர்கின் ஆங்கில வடிவம் 1924இலேயே நியூயார்க்கில் வந்தது. சோவியத் நாட்டில் மூலமே 1988இல்தான் அச்சேறியது. பின்னர் மிர்ரா கின்ஸ்பர்க் 1972இலும், கிளாரன்ஸ் பிரவுன் 1993இலும், நடாஷா ராண்டல் 2006இலும் மொழிபெயர்த்தார்கள். நால்வரின் சொற்தேர்வும் வேறு வேறு. ஒரு கட்டுரைக்குள் இரண்டு மொழிபெயர்ப்புகளைக் கலந்து மேற்கோள் காட்டினால், ஆசிரியருடைய சொல் எது, மொழிபெயர்ப்பாளருடைய சொல் எது என்று உங்களுக்கே குழப்பம் வரும்.

ஹக்ஸ்லிக்கு இத்தகைய தொல்லை இல்லை. 18 அத்தியாயங்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

3. செலவைக் குறைக்கும் சட்ட வழி

நான்கையும் புதிதாக வாங்கத் தேவையில்லை. இந்தியாவில் ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். ஆர்வெல் 1950 ஜனவரியில் மறைந்தார். அவருடைய நூல்கள் 2011 முதல் இங்கே பொதுவுடைமை, அதாவது யாரும் அனுமதியின்றிப் பயன்படுத்தலாம். ஹக்ஸ்லி 1963 நவம்பரில் மறைந்தார். 2024 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. ஸம்யாத்தின் 1937இல் மறைந்தவர். ஆனால் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு என்பதை மறக்கக் கூடாது. ஸில்பூர்க் 1959இல் காலமானதால் அவருடைய ஆங்கில வடிவம் 2020 முதல் தடையற்றது. மற்ற மூவருடையதும் அப்படியல்ல. பிராட்பரி 2012 வரை வாழ்ந்தவர் என்பதால் அவருடைய நாவலை விலை கொடுத்து வாங்குவதோ நூலகத்தில் எடுப்பதோதான் முறை.

இலங்கையில் இருப்பவர்கள் கவனிக்க: அங்கே உரிமைக்காலம் ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள். எனவே ஆர்வெல் 2021இல் விடுபட்டார். ஹக்ஸ்லியின் நூல்களுக்கு 2033 இறுதி வரை உரிமை உண்டு.

ஸில்பூர்க் மொழிபெயர்ப்பு ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற இணைய நூலகத்திலும், '1984' அதன் ஆஸ்திரேலியக் கிளையிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் முதல் சுற்றில் 1,400 ரூபாய் செலவழித்தேன். அதில் பாதி, பின்னர் பயன்படாத பிரதிகளுக்குப் போனது. இதையெல்லாம் முன்பே அறிந்திருந்தால் ஒரே ஒரு நூலுக்கான விலையும் ஒரு நல்ல நோட்டுப்புத்தகமுமே என் செலவாக இருந்திருக்கும்.

4. வரிசையும் கால அட்டவணையும்

பலரும் '1984'இல் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அதன் இருட்டு மற்ற மூன்றின் மீதும் படிந்துவிட்டது; ஹக்ஸ்லியின் உலகத்தில் சிரிக்கிறவர்களைக்கூட வாய்பொத்தப்பட்ட கைதிகளாகவே பார்த்தேன். அவர்கள் கைதிகள் அல்லர், தங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று மனமார நம்புகிறவர்கள் என்பது மறுவாசிப்பில்தான் புரிந்தது.

நான் பரிந்துரைக்கும் வரிசை: முதலில் பிராட்பரி, ஒரு வாரம். பிறகு ஸம்யாத்தின், இரண்டு வாரம். நாவல் நாட்குறிப்பு போன்ற 40 பதிவுகளாக இருக்கிறது, நாளுக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின் ஹக்ஸ்லிக்கு இரண்டு வாரம், கடைசியாக ஆர்வெல்லுக்கு மூன்று வாரம். அதன் பிறகு, கீழே ஆறாம் படியில் நான் சொல்லும் பகுதிகளை மட்டும் மறுவாசிப்புச் செய்ய ஒரு வாரமும், எழுத மூன்று வாரமும் ஒதுக்குங்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே பன்னிரண்டு வாரங்களில் முடியும்.

ஆர்வெல்லைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அவர் 'நாம்' நாவலைப் படித்து 1946 ஜனவரியில் 'ட்ரிப்யூன்' இதழில் அதற்கு மதிப்புரை எழுதியவர். மற்றவர்கள் எழுப்பிய வாதத்தை அறிந்துகொண்டே அவர் அதை மறுக்கிறார். வாதம் தெரியாமல் மறுப்பை முதலில் படித்தால் அதன் கூர்மை நமக்குப் படாது.

5. குறிப்புகளைத் தாளில் எழுதுங்கள்

மின்நூலில் கோடிட்டு, ஓரத்தில் எழுதி வைத்த என் இரண்டு மாதக் குறிப்புகள், கைபேசியை மாற்றியபோது திரும்பக் கிடைக்கவே இல்லை. இது எனக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. 2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒரு விற்பனையாளர் வெளியிட்டது என்ற காரணத்தால், வாசகர்கள் பணம் கொடுத்து வாங்கியிருந்த '1984' பிரதிகளை அமேசான் நிறுவனம் அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கியது. பணம் திருப்பித் தரப்பட்டது. ஆனால் மாணவர் ஒருவர் பள்ளிப் பாடத்துக்காக எழுதி வைத்திருந்த குறிப்புகள் எந்தப் பக்கத்துக்கு உரியவை என்றே தெரியாமல் அனாதையாகிவிட்டன.

ஒவ்வொரு நாவலுக்கும் தாளில் நான்கு நெடுவரிசைகள் வரையுங்கள்: தணிக்கைக்கு உள்ளாவது எது, அதற்குச் சொல்லப்படும் காரணம், மற்றவர்களைப் போல் இருக்கும்படி யார் யாரை நெருக்குகிறார்கள், 'மகிழ்ச்சி' என்ற சொல்லை யார், எந்தச் சூழலில் உச்சரிக்கிறார்கள். நான்காவது நெடுவரிசைதான் பின்னால் உங்களைக் காப்பாற்றும். பக்க எண்ணோடு அத்தியாய எண்ணையும் எழுதுங்கள். பதிப்பு மாறினால் பக்க எண் உதவாது.

6. தணிக்கையாளர் பேசும் பகுதிகள்

அவசரத்தில் வேறு எதை விட்டாலும் இவற்றை இரண்டு முறை வாசியுங்கள்.

'ஃபாரன்ஹீட் 451', முதற்பகுதியின் இறுதி. புத்தகங்களை எரிக்கும் தீயணைப்புப் படையின் வீரன் மான்டாக் நாவலின் நாயகன். வேலைக்குப் போகாமல் படுத்திருக்கும் அவனுடைய வீட்டுக்குத் தீயணைப்புத் தலைவர் பியட்டி வந்து, கட்டிலருகே அமர்ந்து பேசுகிறார். அரசாங்கம் மேலிருந்து போட்ட ஆணையால் இது தொடங்கவில்லை என்பதே அவர் சொல்லும் முதன்மையான செய்தி. மக்களே நீண்ட நூல்களைச் சுருக்கச் சொன்னார்கள். பெருங்காப்பியங்கள் கால்மணி நேர வானொலி நிகழ்ச்சிகளாயின, பிறகு இரண்டு நிமிடப் பத்திகளாயின. ஒவ்வொரு குழுவும் தன்னைப் புண்படுத்தும் பக்கத்தை நீக்கக் கேட்டது. எஞ்சியதை எரிக்கத்தான் தீயணைப்புப் படை. எல்லாரும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் குன்றிப்போக மாட்டார் என்கிறார் அவர். இங்கே ஒத்துப்போதல் முதலில் வருகிறது, தணிக்கை அதற்குப் பின்னால் வருகிறது. புதிதாக வாசிக்கிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள்.

இதோடு சேர்த்து நாவலின் முதல் சில பக்கங்களையும் திருப்பிப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெண் கிளாரிஸ், நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று மான்டாக்கைக் கேட்டுவிட்டுப் போகிறாள். அதே இரவில் அவன் மனைவி மில்ட்ரெட் தூக்கமாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கிக் கிடக்கிறாள். வந்து வயிற்றைக் கழுவுகிறவர்கள் மருத்துவர்கள்கூட அல்லர், இயந்திரம் இயக்கும் இரண்டு ஆட்கள். ஓர் இரவில் இப்படி ஒன்பது, பத்து பேரைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மறுநாள் காலை அவளுக்கு எதுவும் நினைவில்லை. மக்களை மகிழ்ச்சியாக வைத்திருக்கிறோம் என்று பியட்டி சொல்லும் முன்பே அதற்கான பதிலை நாவல் வைத்துவிட்டது. இதை நான் மூன்றாவது வாசிப்பில்தான் கண்டேன்.

'நாம்', பதிவுகள் 11, 31, 36. பதினொன்றில் கவிஞன் ஆர்-13, ஆதாம் ஏவாள் கதையை ஒரு தேர்வாகச் சொல்கிறான்: சுதந்திரம் இல்லாத மகிழ்ச்சியா, மகிழ்ச்சி இல்லாத சுதந்திரமா. அந்த மூடர்கள் இரண்டாவதைத் தேர்ந்தார்கள், இந்த நாவலின் ஆட்சியான 'ஒற்றை அரசு' அந்தப் பிழையைத் திருத்துகிறது என்கிறான். முப்பத்தொன்றில் கற்பனையை அறுவை சிகிச்சையால் நீக்கும் பேரறிவிப்பு வருகிறது. கற்பனையையே நீக்கிவிட்டால் தணிக்கை செய்ய வேறு எதுவும் மிஞ்சாது. முப்பத்தாறில் அந்த அரசின் தலைவரான 'அருளாளர்' நேரில் பேசுகிறார். கதைசொல்லியான டி-503 அந்த அரசைப் புகழ்ந்து எழுதத் தொடங்குகிறவன் என்பதை மறக்காதீர்கள். அவன் பாராட்டுவதை ஆசிரியர் பாராட்டுவதாக எண்ணிக் குறிப்பெடுத்த எட்டுப் பக்கங்களை நான் கிழிக்க வேண்டியதாயிற்று.

'பிரேவ் நியூ வேர்ல்ட்', அத்தியாயங்கள் 12, 16, 17. பன்னிரண்டில் ஒரு பத்தியளவே வரும் காட்சி ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. உலகக் கட்டுப்பாட்டாளர் முஸ்தஃபா மோன்ட் உயிரியல் ஆய்வுரை ஒன்றைப் படித்து முடிக்கிறார். அது அருமையான படைப்பு என்பதை அவர் உணர்கிறார். இருந்தும் வெளியிடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். மகிழ்ச்சியே உயர்ந்த நன்மை என்ற நம்பிக்கையை அது சிலரிடம் குலைத்துவிடக்கூடும் என்பதே காரணம். தணிக்கை, மகிழ்ச்சி இரண்டும் ஒரே பேனாமுனையில் சந்திக்கும் இடம் இதைப்போல் வேறில்லை. உங்கள் கட்டுரைக்கு ஒரே ஒரு காட்சிதான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் இதையே எடுங்கள். பதினாறில் மோன்ட் தாமே ஒரு காலத்தில் இயற்பியலாளராக இருந்ததையும், தம் அறிவியலை விட்டுக்கொடுத்துவிட்டு இந்தப் பதவியை ஏற்றதையும் சொல்கிறார். பதினேழின் இறுதியில், அந்த நாகரிகத்துக்கு வெளியே வளர்ந்த ஜான், துன்பப்படும் உரிமையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான்.

'1984', மூன்றாம் பாகம், மூன்றாம் அத்தியாயம். கட்சி ஏன் அதிகாரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று, கைதியான வின்ஸ்டனை வதைக்கும் கட்சி அதிகாரி ஓ'பிரையன் கேட்கிறான். மனிதகுலத்துக்கு முன்னால் இருப்பது சுதந்திரம் அல்லது மகிழ்ச்சி, பெரும்பாலோருக்கு மகிழ்ச்சியே மேல் என்றுதான் ஓ'பிரையன் சொல்லப் போகிறான் என்று வின்ஸ்டன் நினைத்துக்கொள்கிறான். எங்கள் நன்மைக்காகவே ஆள்கிறீர்கள் என்று அவன் சொல்லத் தொடங்கிய அந்தக் கணமே வலியை ஏற்றும் விசை அழுத்தப்படுகிறது. அது மடத்தனமான பதில் என்கிறான் ஓ'பிரையன், அதிகாரம் அதிகாரத்துக்காகவே. மற்ற மூவரின் தணிக்கையாளர்களும் பேசிய மொழியை இங்கே கைதி பேசுகிறான், அதற்காகவே வதைபடுகிறான். எனவே 'டிஸ்டோபியா நாவல்களில் அரசு மக்களுக்கு மகிழ்ச்சியைக் கொடுத்துச் சுதந்திரத்தைப் பறிக்கிறது' என்று நான்கையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். ஆர்வெல் அந்தக் கட்டுக்குள் வரமாட்டார்.

7. தமிழ்ச் சொற்களை முன்பே முடிவு செய்யுங்கள்

'ஊருடன் கூடி வாழ்' என்று ஆத்திசூடி படித்து வளர்ந்த நமக்கு, கூடி வாழ்வது என்பது நல்ல சொல். அதையே இந்த நாவல்களின் ஒரேமாதிரியாதலுக்குப் பயன்படுத்தினால் பொருள் திரிந்துவிடும். நான் மூன்றாகப் பிரித்துக்கொண்டேன்: விரும்பிச் சேர்வது இணக்கம்; அஞ்சிச் சேர்வது பணிவு; சேர்ந்திருக்கிறோம் என்றே அறியாமல் இருப்பது ஒரேமாதிரியாதல். '1984'இன் முதல் அத்தியாயத்தில் வரும் இரண்டு நிமிட வெறுப்புக் கூட்டத்தில் வின்ஸ்டன் நடிக்கத்தான் போகிறான். முப்பது நொடிக்குள் நடிப்பு உண்மையாகிவிடுகிறது. இரண்டாவது மூன்றாவதாக மாறும் இடம் அது.

மகிழ்ச்சிக்கும் அப்படியே. ஹக்ஸ்லியின் மக்கள் விழுங்கும் 'சோமா' தருவது இன்பம். அந்தப் பெயர் வேதகாலச் சோமபானத்திலிருந்து வந்தது என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. மான்டாக் தேடுவது இன்பம் அன்று, நிறைவு. இரண்டுக்கும் 'மகிழ்ச்சி' என்றே எழுதினால் உங்கள் வாதம் தானாக மறைந்துவிடும்.

8. அனுப்புவதற்கு முன்

விமர்சனத்துக்காகச் சில வரிகளை மேற்கோள் காட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. அனுமதிக் கடிதம் தேவையில்லை. பிராட்பரியின் ஒரு பகுதியை முழுமையாக மொழிபெயர்த்துச் சேர்க்க நினைத்தால் மட்டும் உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். அதற்கான காத்திருப்பைப் பன்னிரண்டு வாரக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. பயன்படுத்திய பதிப்பின் ஆண்டையும் மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே தெரிவியுங்கள். கடைசியாக, ஒவ்வொரு மேற்கோளையும் நோட்டிலிருந்து பார்த்து எழுதாமல் நூலைத் திறந்து ஒரு முறை ஒப்பிடுங்கள். எனக்கு அதற்கு இரண்டு மாலைகள் பிடித்தன. மூன்று இடங்களில் என் சொல்லையே ஆசிரியரின் சொல்லாக எழுதியிருந்தேன்.